பாடம் 6: வேலைத்தலத்தில் ஆபத்தைக் கண்டால் – முறைப்பாடு செய்வதும் வேலையைக் காப்பாற்றுவதும்

மீளக்குடியமர்ந்த பின் முதலில் கிடைப்பது பெரும்பாலும் நாட்சம்பள வேலைதான். வீடு கட்டும் இடத்தில் கையாள் வேலை, அரிசி ஆலை, மரக்காலை, சீமெந்துக் கல் அரியும் இடம், கல் உடைக்கும் ஆலை என்று அது அமையும். பிள்ளைகளின் பள்ளிச் செலவும், பாதியில் நிற்கும் வீட்டு வேலையும் அந்தச் சம்பளத்தையே நம்பியிருக்கும். அதனால் வேலைத்தலத்தில் ஆபத்தைக் கண்டாலும் பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். "வாயைத் திறந்தால் நாளைக்கு வேலை இல்லை" என்று அவர்கள் பயப்படுவதில் நியாயம் உண்டு. ஆனால் பேசாமல் இருந்து கை போனாலும் வேலை போகத்தான் செய்யும்.

முறைப்பாடு செய்பவர் தன்னை எப்படிக் காத்துக்கொள்ளலாம் என்பதே இந்தப் பாடம். இதில் மூன்று விடயங்களை மனதில் வைத்திருங்கள்: தனியே போகாதீர்கள், எழுத்தில் கொடுங்கள், உரிய அதிகாரியிடம் கொடுங்கள்.

ஓர் உதாரணம்

ஓர் அரிசி ஆலையில் ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மோட்டாரின் பெல்ற்றுக்கு இருந்த இரும்பு மூடியைத் திருத்த வேலைக்காகக் கழற்றினார்கள். பிறகு அது பூட்டப்படவில்லை. பெல்ற்றுக்குப் பக்கத்தில் சிந்தும் நெல்லைப் பெண்கள் கூட்டி அள்ளுகிறார்கள். சேலைத் தலைப்போ கூந்தலோ ஒருமுறை சிக்கினால் போதும். அங்கே வேலை செய்யும் ஒருவர் முதலாளியிடம் கூரைத் தகடு வாங்க முற்பணம் எடுத்திருக்கிறார். மூடியைப் பற்றிக் கேட்டால் முற்பணத்தை உடனே திருப்பித் தரச் சொல்வார்களோ என்று அவர் தயங்குகிறார். அவர் என்ன செய்யலாம்?

சட்டம் என்ன சொல்கிறது?

1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தின்படி, இயந்திரங்களின் ஆபத்தான பாகங்களுக்குப் பாதுகாப்பான மறைப்பு இருக்க வேண்டும். தொழிற்சாலை என்பது நூற்றுக்கணக்கானோர் வேலை செய்யும் பெரிய கட்டடம் மட்டுமல்ல. சிறிய அரிசி ஆலையையும் பட்டறையையும் பற்றி முறைப்பாடு செய்யலாம். தொழில் திணைக்களத்தின் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளர்கள் வந்து பார்க்கும் அதிகாரம் உள்ளவர்கள்.

தொழில் பரிசோதனை பற்றிய சர்வதேச தொழில் அமைப்பின் 81ஆம் இலக்கச் சமவாயத்தை இலங்கை 1956இல் ஏற்றுக்கொண்டது. அதன்படி முறைப்பாடு செய்தவர் யார் என்பதைப் பரிசோதகர் வெளியிடக்கூடாது. முறைப்பாடு கிடைத்ததால்தான் வந்தோம் என்றும் முதலாளியிடம் சொல்லக்கூடாது.

1999ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தைத் திருத்தியது. அதிகாரமுள்ள ஒருவர் முன்னிலையில் தொழிலாளி நல்லெண்ணத்துடன் சொன்ன கூற்றுக்காக அவரை வேலையிலிருந்து நீக்குவதும், அவருக்கு எதிராக ஒழுக்காற்று நடவடிக்கை எடுப்பதும் நியாயமற்ற தொழில் நடைமுறை என்று அது தடுக்கிறது. ஆகவே தேநீர்க் கடையில் சொல்வதையோ வாசலில் நின்று சண்டை பிடிப்பதையோ விட, அதிகாரியிடம் முறையாகச் சொல்வது உங்களுக்குக் கூடுதல் பாதுகாப்பைத் தரும்.

முறைப்பாட்டுக்கு முன்: வேலை செய்வதற்கான ஆதாரம்

பிரச்சினை வந்தவுடன் சில முதலாளிமார் சொல்லும் முதல் வார்த்தை, "இவர் என்னிடம் வேலை செய்யவே இல்லை" என்பதுதான். நியமனக் கடிதம் இல்லாத நாட்கூலிக்காரருக்கு இது பெரிய சிக்கல். எனவே முறைப்பாட்டுக்கு முன்பே பின்வருவனவற்றைச் சேர்த்து வையுங்கள்.

• வேலைக்குப் போன நாள், நேரம், பெற்ற சம்பளம், முற்பணம், கழித்த தொகை என்பவற்றை ஒரு கொப்பியில் அன்றன்றே எழுதுங்கள்.

• சம்பளச் சிட்டை, கையொப்பமிட்ட துண்டு, கைத்தொலைபேசிக்கு வந்த செய்தி எதையும் எறியாதீர்கள்.

• ஊழியர் சேமலாப நிதி தற்காலிக, நாட்சம்பளத் தொழிலாளருக்கும் உரியது. சம்பளத்தில் உங்கள் பங்கு 8 வீதம், தொழில்தருநரின் பங்கு 12 வீதம். அந்தப் பதிவே நீங்கள் அங்கு வேலை செய்ததற்கு நல்ல சாட்சி.

• இடம்பெயர்வில் அடையாள அட்டை தொலைந்திருந்தால், கிராம அலுவலரைச் சந்தித்து உடனே புதிதாக விண்ணப்பியுங்கள்.

இந்த ஆவணங்களை வேலைத்தலத்தில் வைக்காமல் வீட்டில் வையுங்கள்.

படிப்படியாக

1. இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து முதலாளியிடமோ மேற்பார்வையாளரிடமோ மரியாதையாகக் கேளுங்கள். "ஐயா, பெல்ற்றுக்கு மூடி போட்டுத் தந்தால் நல்லது, பெண்கள் பக்கத்தில் நின்று வேலை செய்கிறார்கள்" என்று சொன்னாலே சில இடங்களில் வேலை நடந்துவிடும். கேட்ட நாளையும் உடன் இருந்தவர்களையும் கொப்பியில் குறியுங்கள்.

2. நடக்காவிட்டால் உங்கள் மாவட்டத்துக்குரிய தொழில் காரியாலயத்துக்கு எழுதுங்கள். அது எங்கே என்று பிரதேச செயலகத்தில் கேட்கலாம். கடிதத்தைத் தமிழில் எழுதலாம்.

3. கடிதத்தின் பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை இடச் சொல்லுங்கள்.

4. பெயரை இரகசியமாக வைத்திருக்கும்படி கடிதத்திலேயே கேளுங்கள். ஆயினும் ஒன்பது பேர் உள்ள இடத்தில் யார் எழுதியது என்று ஊகிப்பது கடினமல்ல. அதனால்தான் பலர் சேர்ந்து கையொப்பமிடுவது நல்லது. தொழிற்சங்கம் இருந்தால் அதன் மூலமும் அனுப்பலாம்.

கடித மாதிரி

உதவித் தொழில் ஆணையாளர்,
மாவட்டத் தொழில் காரியாலயம், ..............

ஐயா/அம்மணி,

நாங்கள் .............. என்ற இடத்திலுள்ள .............. ஆலையில் வேலை செய்கிறோம். இங்கு மோட்டாரின் பெல்ற்றுக்கு .............. திகதியிலிருந்து மூடி இல்லை. அதன் அருகே .............. பேர் வேலை செய்கிறார்கள். .............. திகதியில் உரிமையாளரிடம் தெரிவித்தோம். இதுவரை சரிசெய்யப்படவில்லை. இந்த இடத்தைப் பரிசோதித்து நடவடிக்கை எடுக்குமாறும், எங்கள் பெயர்களை வெளியிடாதிருக்குமாறும் கேட்டுக்கொள்கிறோம்.

திகதி, பெயர், முகவரி, கையொப்பம்

கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள். முதலாளியைத் திட்டி எழுதினால் அது உங்களுக்கு எதிராகவே பயன்படும்.

பழிவாங்கல் வந்தால்

எல்லாப் பழிவாங்கலும் வேலை நீக்கமாக வராது. நாட்களைக் குறைப்பார்கள், பாரமான வேலைக்கு மாற்றுவார்கள், முற்பணத்தை ஒரேயடியாகக் கேட்பார்கள், அதே இடத்தில் வேலை செய்யும் தம்பியையோ மருமகளையோ நிறுத்துவார்கள். ஒவ்வொன்றையும் திகதியுடன் குறித்து, முறைப்பாடு கொடுத்த காரியாலயத்துக்கே இரண்டாவது கடிதமாக அனுப்புங்கள். முற்பணக் கடன் இருப்பதால் முறைப்பாடு செய்யும் உரிமை இல்லாமல் போகாது.

"இனி வரவேண்டாம்" என்று சொன்னால் கோபத்தில் விலகல் கடிதம் எழுதிக் கொடுக்காதீர்கள். வெற்றுத் தாளில் கையொப்பம் வைக்காதீர்கள். காரணத்தை எழுத்தில் தரும்படி கேளுங்கள்.

15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், 12 மாத காலத்தில் 180 நாட்களாவது வேலை செய்தவர்களுக்கு 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் வேலையிலிருந்து நிறுத்துவதற்கு உங்கள் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் எழுத்துமூல அனுமதியோ தேவை. ஒழுக்காற்றுக் காரணம் என்றால், அதை இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் எழுத்தில் தர வேண்டும்.

எமது உதாரண ஆலையில் ஒன்பது பேர்தான். அவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்கலாம். மீண்டும் வேலைக்கு எடுக்கும்படியோ நட்டஈடு கொடுக்கும்படியோ அச்சபை கட்டளையிடலாம். விண்ணப்பிக்கக் கால எல்லை உண்டு, ஆகவே அதே வாரத்தில் ஆலோசனை பெறுங்கள். வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

ஒன்றை மறைக்க முடியாது. வழக்கு முடிய நாள் செல்லும், அதுவரை அடுப்பு எரிய வேண்டும். அதனால் முறைப்பாடு செய்வதற்கு முன் வீட்டில் எல்லோருடனும் பேசி, சில வாரம் சமாளிக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

விபத்து நடந்துவிட்டால்

உயிரிழப்பு ஏற்பட்டாலோ, ஒருவரால் மூன்று நாட்களுக்கு மேல் அந்த வேலையைச் செய்ய முடியாமல் போனாலோ, தொழிற்சாலை நடத்துபவர் அதைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். காயப்பட்டவர் அரச வைத்தியசாலைக்குப் போய், வேலை செய்யும்போது நடந்த விபத்து என்று தெளிவாகச் சொல்லிப் பதிய வேண்டும். "வீட்டில் விழுந்தது என்று சொல்லு, செலவை நான் பார்க்கிறேன்" என்று யாராவது சொன்னால் உடன்படாதீர்கள். 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இரண்டு வருடத்துக்குள் கோரிக்கை வைக்க வேண்டும்.

கடிதத்துக்குக் காத்திருக்க முடியாத ஆபத்து

அத்திவாரம் வெட்டும்போதோ கிணறு இறைக்கும்போதோ சந்தேகத்துக்கிடமான பொருளைக் கண்டால் உடனே வேலையை நிறுத்துங்கள். தொடாதீர்கள். வந்த வழியாலேயே திரும்பி, மற்றவர்களையும் விலக்கி, பொலிசுக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள். மேற்பார்வையாளர் அவசரப்படுத்தினாலும் மண்வெட்டியை மீண்டும் எடுக்காதீர்கள்.

கலந்துரையாடலுக்கு

1. உங்கள் வேலைத்தலத்தில் இன்று சரிசெய்ய வேண்டிய ஆபத்து எது?

2. அதைக் கேட்க உங்களுடன் வரக்கூடிய இருவர் யார்?

3. நீங்கள் அங்கு வேலை செய்வதைக் காட்ட உங்களிடம் என்ன ஆதாரம் இருக்கிறது?

மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால், இன்றிரவே ஒரு கொப்பியை எடுத்து இன்றைய திகதியிலிருந்து எழுதத் தொடங்குங்கள்.