கள்ளு ஷாப்பை அழகுபடுத்தாதீர்கள்

கருப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் 'கள்ளு' என்று மலையாளத்தில் எழுதியிருக்கும்; பக்கத்தில் உரிம எண். கேரளத்தில் ஒரு கள்ளு ஷாப்புக்கு விளம்பரம் இவ்வளவுதான். உள்ளே போனால் தகரமோ ஓலையோ வேய்ந்த கூரை, சாயம் போன மேசை, நீள பெஞ்சு, கண்ணாடி கிளாஸ். குட்டநாட்டிலும் பாலக்காட்டுப் பக்கத்திலும் இந்தக் கடைகளில் உட்கார்ந்து பழகிய எனக்கு ஒரு கருத்து உறுதியாக உண்டு. இங்கே எளிமை வேஷமில்லை, தொழில் விதித்த கட்டாயம். சுற்றுலாவுக்காக அதன் மேல் கிரானைட்டும் ஏசியும் போட்டால் நல்ல ஓட்டல் ஒன்று கிடைக்கலாம், ஷாப்பு போய்விடும்.

கட்டாயம் மரத்திலேயே தொடங்குகிறது. பாளையை இறுகக் கட்டி, நாள்கணக்கில் தட்டிப் பதப்படுத்தி, நுனியைச் சீவிப் பானை மாட்டுகிறார்கள். காலையும் மாலையும் மரம் ஏற வேண்டும். சாறு பானையில் சொட்டும்போதே புளிப்பு ஆரம்பித்துவிடும். காலையில் இனிப்பாக இருப்பது மதியத்துக்குள் ஏறிவிடும், மறுநாள் காடி. இப்படிப்பட்ட சரக்கைக் கிடங்கில் அடுக்கவும் முடியாது, லேபிள் ஒட்டி வருஷக்கணக்கில் விற்கவும் முடியாது. அன்றன்றைக்கு வந்ததை அன்றன்றைக்கே தீர்க்கும் சின்னக் கடைதான் இதற்குச் சரி. இதிலும் ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ஆலப்புழையில் குடிப்பதெல்லாம் ஆலப்புழைத் தென்னையிலிருந்து இறங்கியது என்று நம்ப வேண்டாம். பாலக்காடு மாவட்டம் சித்தூரிலிருந்துதான் மற்ற மாவட்டங்களுக்குக் கள் பெருமளவில் வண்டியேறிப் போகிறது. அதனால் உட்கார்ந்ததும் முதல் வேலையாக, உள்ளூரில் இறக்கியது இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் இல்லையென்று சொல்கிற கடையை நம்பலாம்.

எல்லாக் கடையிலும் ஊற்றுவது ஏறத்தாழ ஒரே சரக்கு என்பதால், ஒரு ஷாப்பை அடுத்ததிலிருந்து பிரித்துக் காட்டுவது அடுப்படிதான். கள்ளின் இனிப்பு கலந்த புளிப்புக்கு ஈடு கொடுக்க வேண்டுமென்றே காரம் தூக்கலாக வைக்கிறார்கள். குடம்புளி போட்ட மீன் கறியைப் பாருங்கள். சட்டி ஓரத்தில் எண்ணெய் பிரிந்து சிவந்து நிற்கும். புளித்துண்டு கருத்து, மெத்தென்று மீனோடு ஒட்டிக் கிடக்கும். அவித்த கப்பையை (மரவள்ளிக்கிழங்கை)க் கையால் பிசைந்து அந்தக் குழம்பில் தோய்த்தால், மாவு மொத்தச் சாற்றையும் இழுத்துக்கொள்ளும். முந்தின நாள் வைத்த குழம்பு இன்னும் விசேஷம். தாராவு (வாத்து), கக்கா (மட்டி) இறைச்சி, கரிமீன் என்று பட்டியல் நீளும், ஆனால் அது அச்சடித்த பட்டியலாக இருக்காது. அன்று வந்ததைப் பரிமாறுகிறவர் வாயால் சொல்வார். மூன்று பக்க மெனு கார்டு நீட்டினால் குளிர்பெட்டியை நம்பி நடக்கும் கடை என்று எடுத்துக்கொள்வேன்.

ஷாப்பை அப்படியே விட வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிது. விஸ்கி வரிசை கட்டி நிற்கும் பாரில் ஒருவர் எதைக் கேட்கிறார் என்பதே அவர் சட்டைப்பையைக் காட்டிக்கொடுத்துவிடும். ஷாப்பில் சுமைதூக்குகிறவருக்கும் வங்கி ஊழியருக்கும் ஒரே கள்தான். உயர்ந்த ரகம் என்று ஒன்று இல்லாததால் தாழ்ந்த ரகம் வாங்கினவர் என்றும் யாரும் இல்லை. தமிழ்நாட்டில் நிலைமை வேறு. 1987 முதல் கள்ளுக்குத் தடை; 2003 முதல் சில்லறை மது விற்பனை டாஸ்மாக் கையில். குவார்ட்டரை வாங்கிச் சீக்கிரம் முடித்துக்கொண்டு கிளம்பும் இடமாகத்தான் பெரும்பாலான பார்கள் ஆகிவிட்டன. குடிக்கிறவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கடுஞ்சாராயம் உட்கார்ந்து பேச அவகாசம் தராது. பீர் அளவுக்கே ஏறும் கள், சாப்பாட்டோடு சேரும்போது தருகிறது.

குடியைப் புகழ்கிறாயே என்று கேட்பவர்களின் கோபம் நியாயமானது. கள் இறக்குவதைக் குலத்தொழிலாகக் கொண்டிருந்த ஈழவ சமுதாயத்தில் பிறந்த நாராயண குருவே, அதை உண்டாக்கவும் கொடுக்கவும் குடிக்கவும் கூடாது என்று தம் மக்களிடம் சொன்னார். சீரழிந்த குடும்பங்களைப் பார்த்துச் சொன்ன சொல் அது. அதைத் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை. நான் சொல்வது இவ்வளவே: 1996இல் சாராயத்தைத் தடை செய்த கேரளம் கள்ளை விட்டுவைத்தது, அந்த வேறுபாட்டில் அர்த்தம் இருக்கிறது. கலப்படமோ கள்ளைவிடப் பெரிய ஆபத்து. 2010இல் மலப்புரம் மாவட்டத்தில் விஷக் கள்ளால் உயிர்கள் போயின. எளிமை என்ற பெயரில் பரிசோதனையைத் தளர்த்துவதற்கு நான் ஒருபோதும் ஆதரவு தரமாட்டேன். அழகுபடுத்தினால்தானே பெண்கள் வர முடிகிறது என்ற வாதத்தில் பாதி சரி. வெளிச்சம், சுத்தமான கழிப்பறை, மரியாதையான பேச்சு ஆகியவை எந்தக் கடைக்கும் கடமை, அவற்றை அலங்காரக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அவற்றைச் செய்துவிட்டுப் பெஞ்சைப் பெஞ்சாகவே விடலாம்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். முற்பகலில் போங்கள், கள்ளும் இளசாக இருக்கும், மீனும் தீர்ந்திருக்காது. முதலில் கப்பையும் கறியும், பிறகு கிளாஸ். பக்கத்தில் இருப்பவரை அனுமதியில்லாமல் படம் எடுக்காதீர்கள், அவர் உங்கள் சுற்றுலாக் காட்சி அல்ல. நுரை அடங்கி, சர்க்கரைத் தண்ணீர் போல் தித்தித்தால் வாங்காமல் எழுந்துவிடுங்கள். கேரளத்தில் 23 வயது ஆகாதவர்களுக்கு மது விற்கக் கூடாது. கோவை, பொள்ளாச்சியிலிருந்து எல்லை தாண்டிப் போகிறவர்கள் குடிக்காத ஒருவரை வண்டி ஓட்டக் கூட்டிப் போங்கள். ஆள் கிடைக்காவிட்டால் பஸ்ஸில் போய் வாருங்கள்.