பூனையின் நாக்கும் என் தோட்டமும்

வீட்டில் பூனையும் செடியும் சேர்ந்து வளரலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் பேசுவது பூனையின் நாக்கைப் பற்றித்தான். விழித்திருக்கும் நேரத்தில் கிட்டத்தட்டக் கால் பங்கைப் பூனை தன் உடம்பை நக்கிச் சுத்தம் செய்வதிலேயே கழிக்கிறது. அந்த நாக்கு உப்புத்தாள் மாதிரிச் சொரசொரவென்று இருக்கும். அதிலுள்ள முட்கள் எல்லாம் தொண்டையைப் பார்த்தே சாய்ந்திருக்கும். அந்த முட்களின் நுனியில் குழிவு இருப்பதையும், அதில் எச்சிலை ஏந்தி ரோமத்தின் அடிவரை பூனை கொண்டுபோவதையும் 2018-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். ஆக, தரையில் மிதித்தது, செடியில் உரசியது, முதுகில் கொட்டிய மகரந்தம், இலையில் அடித்த மருந்து எல்லாமே கொஞ்ச நேரத்தில் வயிற்றுக்குப் போய்விடும். பூனை எதைக் கடிக்கிறது என்று மட்டும் பார்த்தால் போதாது. எதன்மேல் படுக்கிறது, எதை உரசிக்கொண்டு நடக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

மதுரையில் எங்கள் வீட்டுக்கு முன்னால் கொஞ்சம் மண்தரை உண்டு, மேலே மொட்டைமாடி. இரண்டு இடத்திலும் செடிகள். எங்கள் பூனைகளில் கருப்பி பகலெல்லாம் கறிவேப்பிலை மரத்தடி நிழலில் கிடப்பாள். வெள்ளையனுக்கு மாடிதான் பிடிக்கும், தொட்டிகளுக்கு இடையே புகுந்து புகுந்து வருவான். தோட்டத்தில் இருக்கும்போது அவர்கள் முகமே வேறு. காற்றில் ஒரு இலை அசைந்தால் காது திரும்பும், மண்ணில் புழு நெளிந்தால் மீசை முன்னால் வரும். வீட்டுக்குள்ளேயே அடைத்து வைத்திருந்தால் இந்த உயிர்ப்பைப் பார்த்திருக்க முடியாது. அதனால் பூனையைத் தோட்டத்திலிருந்து விலக்குவது என் யோசனையில் இல்லை. தோட்டத்தைத்தான் அவர்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டேன்.

முதலில் போனது அரளி. எங்கள் வாசலில் இளஞ்சிவப்பாகப் பூத்துக் குலுங்கிய மரம் அது. அத்தை தினமும் விடியற்காலையில் பறித்துச் சாமி படங்களுக்கு வைப்பார். வெட்டலாம் என்றதும் அவருக்கு மனசு வரவில்லை.

"ஏம்மா, பூனைக்காகச் சாமிக்குப் போடுற பூவை வெட்டுவாங்களா?"

"அத்தை, நாலுவழிச் சாலையில நடுவுல ஏன் அரளியா வச்சிருக்கான்? ஆடு மாடு கூட வாய் வைக்காது, அதனாலதான். நம்ம பிள்ளைங்களுக்கு அது தெரியாதே."

அரளியின் இலை, பூ, பட்டை, வேர் எல்லாவற்றிலும் இதயத் துடிப்பைக் குலைக்கும் நஞ்சு இருக்கிறது. காய்ந்து சருகானாலும் போகாது. மஞ்சள் பூ பூக்கும் தங்க அரளியும் அப்படியே, அதன் கொட்டை இன்னும் மோசம். அத்தை ஒரு வாரம் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். இப்போது அந்த இடத்தில் ஒற்றைச் செம்பருத்தி நிற்கிறது. சாமிக்கும் ஆகும், பூனைக்கும் ஆகும். வெள்ளிக்கிழமைக்கு அரளிச் சரம் வேண்டுமென்றால் பூக்காரம்மாவிடம் வாங்குகிறோம். பூஜை அறைக் கதவைச் சாத்திவிடுவோம். வாடிய பூவைச் செடி அடியில் போடும் வழக்கத்தை நிறுத்தியாயிற்று.

யோசித்துப் பார்த்தால், நம் வாசல்களில் அழகுக்கும் பூஜைக்கும் ஆசையாக வளர்க்கும் செடிகளில்தான் கொடியவை இருக்கின்றன. மழைக்காலத்தில் வேலியில் நெருப்பு மாதிரி பூக்கும் செங்காந்தள் நம் மாநில மலர். கண்வலிக்கிழங்கு என்று விவசாயிகள் சொல்வதும் அதைத்தான். மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காகவே பயிரிடுகிறார்கள், அந்த விதையிலிருந்து கோல்சிசின் என்ற மருந்துப் பொருள் எடுக்கிறார்கள். மனிதருக்கு அளவோடு கொடுக்கும்போதுதான் அது மருந்து. கிழங்கைப் பூனை தோண்டிக் கடித்தால் பிழைப்பது கடினம். வாசலின் இரண்டு பக்கமும் காவலாளி மாதிரி வைக்கும் சைகஸும் வேண்டவே வேண்டாம், அதன் விதை ஈரலைத் தின்றுவிடும். ஊமத்தை, எருக்கு, ரணகள்ளி மூன்றும் தானாக முளைத்தால்கூடப் பிடுங்கிவிடுகிறேன். மணி பிளான்ட், சேம்பு வகைகளில் இருக்கும் ஊசிப் படிகங்கள் வாயைக் குத்தும், எச்சில் ஒழுகும். உயிர் போகாது, ஆனாலும் வலி வலிதான். மணி பிளான்டை எட்டாத உயரத்தில் தொங்கவிட்டேன், சேம்பு இல்லாமல் பழகிக்கொண்டோம்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் தருவது லில்லி. நீலகிரிப் பசுமைக்குடில்களில் வளர்ந்து, பூங்கொத்தில் கட்டிக் கல்யாண வீட்டுக்கு வருமே, எக்காளம் மாதிரி விரியும் பெரிய பூ, அதுதான். அதன் நடுவில் செம்பழுப்பு நிறத்தில் மகரந்தப்பை தொங்கும். கை பட்டால் மஞ்சள் கறை பிடித்துக்கொள்ளும், சட்டையில் பட்டால் துவைத்தாலும் போகாது. அந்தத் தூள் பூனையின் முதுகில் ஒட்டி அது நக்கினாலே சிறுநீரகம் செயலிழக்கும். பூ வைத்திருந்த ஜாடித் தண்ணீரைக் குடித்தாலும் அதே கதிதான். முதல் சில மணி நேரத்தில் வாந்தி, சோர்வு. பிறகு கொஞ்சம் தெளிந்தது போல இருக்கும், வீட்டில் எல்லோரும் நிம்மதியாவார்கள். ஒன்றிரண்டு நாளில் சிறுநீர் நின்றுவிடும். பதினெட்டு மணி நேரத்துக்குள் சலைன் ஏற்றத் தொடங்கினால் பெரும்பாலும் காப்பாற்றலாம் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்கிறார்கள். யாராவது பூங்கொத்தோடு வந்தால் நான் வாசலிலேயே வாங்கி லில்லி இருக்கிறதா என்று பார்த்துவிடுவேன். விருந்தினர் என்ன நினைத்தாலும் சரி.

நாக்கைப் பற்றிச் சொன்னேனே, அதன் இன்னொரு ஆபத்து நூல். கொடி கட்டும் நைலான் கயிறு, பூத்தொடுக்கும் நூல், வாழைநார், இவையெல்லாம் தோட்டத்திலும் திண்ணையிலும் எப்போதும் கிடக்கும். நாக்கு முட்கள் உள்நோக்கி இருப்பதால் பூனை ஒரு முறை நூலை வாயில் எடுத்துவிட்டால் துப்பத் தெரியாது, விழுங்கிக்கொண்டே போகும். குடலில் அது இறுகி, குடலையே மடித்துச் சுருக்கிவிடும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்குவதைப் பார்த்தால் இழுக்கவே கூடாது, குடல் அறுந்துவிடும். நேரே மருத்துவரிடம்தான் போக வேண்டும். புடலையும் பாகலும் கட்ட நான் இப்போது கிழித்த பழைய பருத்திச் சேலைப் பட்டைகளை வைத்துக்கொள்கிறேன். அத்தையும் மிச்ச நூலை உடனே டப்பாவில் போட்டு மூடிவிடுகிறார்.

மருந்து விஷயத்தில் பூனை மற்ற பிராணிகள் மாதிரி இல்லை. நம் ஈரல் பல நச்சுகளை ஒரு நொதியின் உதவியோடு கரைத்து வெளியேற்றிவிடும். பூனைக்கு அந்த வசதி மிகக் குறைவு. நமக்குச் சாதாரணமான பாரசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையைக் கொல்லும். பூச்சிமருந்துகளில் பெர்மெத்ரின், சைபர்மெத்ரின் போல 'மெத்ரின்' என்று முடிகிற வகையைத் தோட்டத்துக்குள்ளேயே விடுவதில்லை. நாய்க்கு உண்ணி போக முதுகில் சொட்டுவிடும் மருந்திலும் பெர்மெத்ரின் இருக்கலாம், அதைப் பூனைக்குத் தடவினால் வலிப்பு வந்துவிடும். எலிக் கேக் பற்றி இன்னும் ஒரு எச்சரிக்கை: விஷம் தின்று தள்ளாடும் எலியைத்தான் பூனை சுலபமாகப் பிடிக்கும். அக்கம்பக்கத்தில் யார் எலிமருந்து வைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது நல்லது. நத்தைக்குப் போடும் குருணையும் அதே வரிசைதான்.

மாவுப்பூச்சிக்குத் தண்ணீரைப் பலமாகப் பீய்ச்சி அடித்தாலே பாதி போய்விடும். மீதியைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுத்துவிடலாம். வேப்பெண்ணெய் அடித்தே ஆக வேண்டுமென்றால் மாலையில், பூனைகளை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டுத்தான் அடிப்பேன். மறுநாள் இலை நன்றாகக் காய்ந்தபின் திறந்துவிடுவேன்.

எரு போடும் நாளில் பூனையின் மூக்கை மறக்கக் கூடாது. எலும்புத்தூளும் மீன் அமிலமும் வாசனை காட்டி அதைக் கூப்பிடும், உடனே தோண்டித் தின்னப் பார்க்கும். ஆழமாகக் குழி பறித்துப் போட்டு, மேலே மண் மூடி, கனமான ஒன்றை வைத்துவிடுகிறேன். ஆமணக்குப் பிண்ணாக்கை மட்டும் எந்த வடிவிலும் சேர்ப்பதில்லை, கடலைப் பிண்ணாக்கும் வேப்பம்பிண்ணாக்கும் போதும். கடையில் வாங்கும் கலப்பு எருவில் ஆமணக்கு இருக்கிறதா என்று பையின் பின்பக்கம் படித்துப் பார்த்துத்தான் எடுக்கிறேன்.

புதிதாக மண் நிரப்பிய தொட்டியைப் பூனை கழிப்பிடமாக நினைப்பது பெரிய தலைவலி. திட்டி விரட்டினால் நடு இரவில் வந்து செய்யும். பூனைக்குப் பிடித்தது தளர்வான, காய்ந்த மண். அதைத் தனியாகக் கொடுத்துவிட்டால் பிரச்சினை பாதி தீரும். மாடியின் நிழல் மூலையில் ஒரு பழைய பிளாஸ்டிக் குளியல் தொட்டியில் ஆற்றுமணல் பரப்பி வைத்திருக்கிறேன். தினமும் அள்ளிச் சுத்தம் செய்வேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பூனையின் மலத்தில் டாக்சோபிளாஸ்மா கிருமியின் முட்டை இருந்தால், அது தொற்றும் நிலைக்கு வர ஒன்றிலிருந்து ஐந்து நாள் ஆகும். தினமும் எடுத்துவிட்டால் பயமில்லை. கர்ப்பிணிகள் இந்த வேலையைத் தொட வேண்டாம், தோட்ட மண்ணில் கை வைத்தால் கையுறை அவசியம். பச்சையாகத் தின்னும் கீரையை மூன்று தண்ணீர் கழுவித்தான் சமையலறைக்குக் கொண்டுபோகிறோம்.

நாற்று நட்ட தொட்டிகளுக்கு வேறு ஏற்பாடு. தேங்காய் ஓட்டின் பாதிகளைக் கவிழ்த்து, தக்காளி நாற்றைச் சுற்றி நெருக்கமாக மண்ணில் அழுத்திவிடுவேன். மேடும் பள்ளமுமாக இருப்பதால் காலை வைத்துத் தோண்ட இடம் இருக்காது, ஓட்டின் அடியில் ஈரமும் நிற்கும். கருப்பி முதலில் ஒரு ஓட்டைப் புரட்டிப் பார்த்தாள். அடுத்ததும் அசையவில்லை என்றதும் குளியல் தொட்டிக்குப் போய்விட்டாள்.

பூனைக்குத் தோட்டத்தில் வேண்டியது உண்மையில் மிகக் கொஞ்சம்தான். அதுவும் நாம் பிடுங்கி எறிகிற களைகளில்தான் கிடைக்கிறது. புல் தின்பதற்குக் காரணம் வயிற்றுக் கோளாறு என்று பலர் நினைக்கிறார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பூனை வளர்ப்பவர்களிடம் கேட்டறிந்த கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், புல் தின்னும் பூனைகளில் பெரும்பாலானவை அதற்கு முன்னால் உடம்பு சரியில்லாதது போல் தெரிவதில்லை என்கிறார்கள். காட்டில் வாழ்ந்த மூதாதைகள் குடல் புழுக்களை வெளியேற்றப் பழகிய வழக்கம் இது என்பது அவர்கள் கருத்து. அகலமான ஒரு தொட்டியில் அறுகம்புல் விட்டிருக்கிறேன். இன்னொன்றில் கேழ்வரகை இரவெல்லாம் ஊறவைத்துத் தூவிவிடுவேன், ஒரு வாரத்தில் பசேலென்று நிற்கும். இவை வந்த பிறகு என் மற்ற செடிகளின் இலைகளைக் கடிப்பது வெகுவாகக் குறைந்தது.

குப்பைமேனி தனிக் கதை. மேலைநாட்டுக்காரர்கள் பூனைக்கென்று வளர்க்கும் கேட்னிப் நம் வெயிலில் நிற்க மிகவும் சிரமப்படும். குப்பைமேனியோ மழை பெய்தால் வாசல் எல்லாம் முளைக்கும், பூனைவணங்கி என்றே சித்த மருத்துவ நூல்கள் பெயர் சொல்கின்றன. செடி நிற்கும்போது பூனைக்கு ஒன்றும் இல்லை, வேரோடு பிடுங்கியதும் பாருங்கள். வெள்ளையன் அந்த வேரைக் கட்டிப்பிடித்து, கன்னத்தை வைத்துத் தேய்த்து, மல்லாந்து புரண்டு, ஓட்டமெடுப்பான். சிறிது நேரத்தில் ஓய்ந்து தூங்கிவிடுவான். நான் வேரோடு விளையாட விடுவேன், செடியைக் குவியலாகத் தின்ன விடுவதில்லை. விளையாட்டு முடிந்ததும் எடுத்துவிடுவேன்.

மாடிக்குக் கைப்பிடிச்சுவர் மட்டும் போதாது. பறவையைப் பார்த்துத் தாவும் பூனை விளிம்பைப் பார்க்காது, இரண்டு மூன்று மாடியிலிருந்து விழுந்தால் தாடையும் நெஞ்செலும்பும் போகும். நாங்கள் புறாவலை கட்டியிருக்கிறோம். வெள்ளைப் பூனைகளுக்குக் காது நுனியிலும் மூக்கிலும் வெயில் பட்டுப் புண்ணாகிப் புற்றுநோய் வரலாம், அதனால் பதினோரு மணிக்கு மேல் வெள்ளையனுக்கு மாடிக் கதவு திறக்காது. நம் சித்திரை வெயிலில் தளத்தில் கால் வைத்தாலே பாதம் பொசுங்கும். நிழலில் ஒரு மண்சட்டியில் தண்ணீர் எப்போதும் இருக்கும்.

பூனைக்காகத் தோட்டம் போட்டாலும் அது தேன்சிட்டுக்கும் தையல்சிட்டுக்கும் சொந்தம்தான். எலுமிச்சை மரத்தில் தையல்சிட்டு இலையைத் தைத்துக் கூடு கட்டியிருக்கும் நாட்களில் விடியற்காலையும் அந்தி நேரமும் பூனைகள் வீட்டுக்குள்தான். கழுத்துப்பட்டை போடுவதானால் இழுத்தால் தானே கழன்று விடுவதாக இருக்க வேண்டும், கிளையில் மாட்டிக்கொண்டால் தொங்கிவிடும். வெளியே நடமாடும் பூனைக்கு வெறிநோய்த் தடுப்பூசியும் கருத்தடை அறுவையும் தவிர்க்க முடியாதவை.

இவ்வளவு செய்தும் பூனை எச்சில் வடித்தாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, நடை தள்ளாடினாலோ, உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள், புரையேறி நுரையீரலில் இறங்கும். பால் கொடுத்தால் நஞ்சு முறியும் என்பதும் பொய். ரோமத்தில் ஏதாவது ஒட்டியிருந்தால் நக்கவிடாமல் துணியில் சுற்றிக்கொள்ளுங்கள். கடித்த செடியின் கிளை ஒன்றை ஒடித்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், மருத்துவர் முதலில் அதைத்தான் கேட்பார். பக்கத்தில் எந்தக் கால்நடை மருத்துவமனையில் பூனைக்கு இரவில் சலைன் ஏற்றுவார்கள் என்பதை இன்றே விசாரித்து, எண்ணை செல்பேசியில் பதிந்து வையுங்கள்.