நாய்க்குட்டிக்கு வீட்டுப் பழக்கம்: நேரம் தவறாமையே முதல் பாடம்

நாய்க்குட்டி வீட்டிற்கு வரும் முதல் நாள் மகிழ்ச்சிக்குரியது. அடுத்த சில நாட்களில் வரவேற்பறையின் தரைவிரிப்பு நனைகிறது. சமையலறை வாசலில் மலம் கிடக்கிறது. இரண்டாவது வாரத்தில், “இதை யாரிடமாவது கொடுத்துவிடலாமா?” என்ற பேச்சு குடும்பத்தில் எழுகிறது. பிறகு சில குட்டிகள் வேறு வீட்டிற்குச் செல்கின்றன. சில தெருவில் விடப்படுகின்றன. நியாயமான காரணமின்றி, பசியாலும் தாகத்தாலும் துன்புறும் நிலையில் ஒரு விலங்கைக் கைவிடுவது, 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். சட்டம் நுழைய வேண்டிய நிலை வராமலே பார்த்துக்கொள்ள முடியும். அதற்கு நாம் செய்ய வேண்டியவை சில எளிய செயல்களே. ஆனால் அவற்றை நாள்தோறும் தவறாமல் செய்ய வேண்டும்.

குட்டியின் உடற்கணக்கு

குட்டி வீட்டை அசுத்தம் செய்வது பிடிவாதத்தால் அன்று. இரண்டு மாதக் குட்டியின் சிறுநீர்ப்பை மிகச் சிறியது. அதனை அடக்கும் தசைகளும் இன்னும் வலுப்பெறவில்லை. குட்டியின் வயதை மாதங்களில் எடுத்துக்கொண்டு அதனுடன் ஒன்றைக் கூட்டினால், அது அதிகபட்சமாக எத்தனை மணி நேரம் அடக்க இயலும் என்பது தோராயமாகத் தெரியும். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம் என்பது உச்ச வரம்பு. விழித்து விளையாடும் பொழுதில் அந்த அளவும் தாங்காது. ஆகவே பகலில் இரண்டு மணி நேரத்திற்கு ஒரு முறையேனும் அதனை உரிய இடத்திற்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

இவை தவிர நான்கு வேளைகள் முக்கியமானவை: தூங்கி எழுந்தவுடன், உணவு உண்டபின், விளையாடி முடித்தபின், இரவு உறங்கும் முன். உணவு வயிற்றில் சேர்ந்ததும் குடல் இயங்கத் தொடங்குவதால், உண்ட ஐந்து நிமிடத்திலிருந்து அரை மணி நேரத்திற்குள் பெரும்பாலான குட்டிகள் மலம் கழிக்கும். உணவை எந்நேரமும் தட்டில் வைத்திராமல், நாளுக்கு மூன்று அல்லது நான்கு வேளை குறித்த நேரத்தில் கொடுத்தால், கழிக்கும் நேரமும் ஒழுங்குக்கு வரும். தண்ணீரைப் பகலில் ஒருபோதும் குறைக்கலாகாது. நம் நாட்டுக் கோடையில் அது ஆபத்தானது.

முதல் இரண்டு வாரங்களுக்கு ஒரு சிறு குறிப்பேட்டில் உணவு நேரத்தையும் கழித்த நேரத்தையும் எழுதி வரலாம். வரவு செலவு எழுதும் வீட்டிற்கு இது புதிதல்ல. சில நாட்களிலேயே குட்டியின் ஒழுங்கு கண்ணுக்குப் புலப்படும்.

இடம் ஒன்றே இருக்கட்டும்

முதல் தடுப்பூசிகள் பொதுவாக ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் ஏறத்தாழ நான்கு மாத வயது வரை தொடரும். அவை முடியும்வரை, பிற நாய்கள் நடமாடும் மண்ணில் குட்டியை இறக்குவது பார்வோ போன்ற கொடிய நோய்க்கு இடமளிக்கும். ஆதலால் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்வோர் பால்கனியிலோ குளியலறையின் ஒரு மூலையிலோ செய்தித்தாள் விரித்த தட்டு ஒன்றை வைத்துத் தொடங்குவது நல்லது. தடுப்பூசிகள் முடிந்தபின், பயன்படுத்திய தாளின் ஒரு துண்டை வெளியில் தேர்ந்தெடுத்த இடத்தில் சில நாட்கள் வைத்தால், அந்த மணத்தைக் கொண்டே குட்டி புதிய இடத்தை அறிந்துகொள்ளும். மழைக்காலத்தில் வெளியே செல்ல மறுக்கும் குட்டிகளுக்குப் பழைய தட்டே கைகொடுக்கும்.

கண்காணிக்க இயலாத வேளைகளில் குட்டியை வீடு முழுவதும் திரியவிடலாகாது. நின்று திரும்பிப் படுக்கும் அளவுள்ள கூண்டிலோ, தடுப்பிட்ட சிறு பகுதியிலோ வைக்கலாம். தான் உறங்கும் இடத்தை நாய் இயல்பாகவே அசுத்தம் செய்ய விரும்பாது. ஆனால் அது அடக்க இயலும் நேரத்தைக் கடந்து அடைத்து வைத்தால், அந்த நல்லியல்பையே நாம் கெடுத்தவராவோம். தரையை முகர்ந்து வட்டமிடுதல், விளையாட்டை விட்டுத் திடீரென மூலைக்குச் செல்லுதல் ஆகியவை அவசரத்தின் அறிகுறிகள்.

பாராட்டு உடனே, தண்டனை வேண்டா

உரிய இடத்தில் கழித்து முடித்த நொடியிலேயே இனிய சொல்லும் சிறு தின்பண்டமும் தர வேண்டும். வீட்டிற்குள் வந்தபின் கொடுத்தால், எதற்காகக் கிடைத்தது என்பது குட்டிக்கு விளங்காது.

தவறிய இடத்தில் மூக்கைத் தேய்ப்பதும் அடிப்பதும் இன்றும் சில வீடுகளில் காணும் வழக்கங்கள். இவற்றால் குட்டி கற்பது ஒன்றே: மனிதர் முன் கழித்தால் அடி விழும். பின்னர் அது சோபாவின் பின்னால் ஒளிந்து கழிக்கும். வெளியே அழைத்துச் சென்றாலும் நம் எதிரில் கழிக்காது. கழிக்கும்போதே கண்டால், அச்சுறுத்தாமல் அழைத்து உரிய இடத்திற்குத் தூக்கிச் செல்லலாம். பிறகு கண்டால், துடைப்பது ஒன்றே நம் வேலை.

துடைக்கும் முறையிலும் கவனம் தேவை. மணம் எஞ்சிய இடத்தையே குட்டி மீண்டும் நாடும். அம்மோனியா கலந்த திரவங்கள் சிறுநீரின் மணத்தை ஒத்திருப்பதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும். பினாயில் குட்டியின் பாதத்திற்கும் நாவிற்கும் கேடு விளைவிக்கக்கூடும். வளர்ப்புப் பிராணிகளுக்கென விற்கப்படும் நொதி கலந்த திரவமே ஏற்றது.

மருத்துவரை நாட வேண்டியபோது

பழக்கம் கைவந்த குட்டி திடீரெனத் தவறத் தொடங்கினாலோ, அடிக்கடி சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் கழித்தாலோ, அது நோய்த்தொற்றாக இருக்கலாம்; கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். நம்மைக் கண்டதும் குழைந்து, படுத்துச் சிறுநீர் விடுவது பணிவின் அடையாளம். அதைக் கண்டித்தால் மிகும். கண்டுகொள்ளாமல் அமைதியாக இருந்தால் வயதுடன் மறையும்.

பெரும்பாலான குட்டிகள் நான்கு முதல் ஆறு மாதப் பயிற்சியில் தேறிவிடும். சிறிய இனங்களுக்குச் சற்றுக் கூடுதலாகலாம். தொடர் வைப்பில் ஒரு தவணை தவறினால் நாம் கணக்கையே முடித்துவிடுவதில்லை. அடுத்த தவணையை உரிய நாளில் செலுத்துகிறோம். நனைந்த தரைவிரிப்பையும் அவ்வாறே கொள்ள வேண்டும்.

குட்டியை வாங்கும் முன்பே குடும்பத்தார் கூடி ஒரு கேள்விக்கு விடை காணட்டும்: முதல் சில மாதங்களில், பகலில் இரண்டு மணிக்கொரு முறை அதனை அழைத்துச் செல்பவர் யார்? பெயர் சொல்ல முடிந்தால் குட்டியை வரவேற்கலாம். முடியாவிடின், பழக்கம் கைவந்த வளர்ந்த நாயொன்றைத் தத்தெடுப்பதே அவ்வீட்டிற்கும் அந்த உயிருக்கும் நன்மை தரும்.