பேண்ட்டின் அளவும் ஸஃப்பில் நிற்கும் பிள்ளையும்



சென்ற ஆண்டு ஒரு ஜும்ஆ நாள். கல்லூரியில் படிக்கும் பிள்ளை ஒருவன் எனக்கு முந்திய ஸஃப்பில் நின்றான். இடுப்புக்குக் கீழே இறங்கி நிற்கும் இறுக்கமான ஜீன்ஸ், மேலே குட்டையான டீ-சர்ட். ஸஜ்தாவுக்குப் போனபோது சட்டை மேலே ஏறியது, பேண்ட் கீழே இழுத்தது, முதுகின் அடிப்பகுதி வெளியே தெரிந்தது. ஸலாம் கொடுத்ததும் பெரியவர் ஒருவர் எல்லோருக்கும் கேட்கும்படி அவனைக் கடிந்துகொண்டார். இப்படி வருவதைவிட வீட்டிலேயே இருக்கலாம் என்கிற வரை பேச்சு போய்விட்டது. பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போனவன் அடுத்த ஜும்ஆவுக்கு வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. அவனுடைய அத்தா என்னிடம், "பாய், அவர் சொன்னது சரிதான். சொன்ன விதம்தான்..." என்று பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அன்று நானும் அங்கேதான் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அந்த உறுத்தலில்தான் இந்த மாதப் பாடத்துக்கு ஆண்களின் உடையை எடுத்துக்கொண்டேன். பெண்களின் உடையைப் பற்றி நம் மேடைகளில் நிறையவே பேசியாகிவிட்டது. ஆண்களுக்கும் அவ்ரத் உண்டு, ஆண்களுக்கும் சட்டம் உண்டு என்பது அதில் மறந்து போகிறது.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆணுக்குத் தொப்புளுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்ட பகுதி மறைக்கப்பட வேண்டும். இது முன்பக்கத்துக்கு மட்டுமல்ல, தொப்புள் மட்டத்துக்குக் கீழே பின்பக்கத்துக்கும்தான். ஹனஃபி மத்ஹபில் முழங்காலும் இதில் சேரும். தொழுகையில் இந்தப் பகுதி திறந்துகொண்டால், ஷாஃபிஈ மத்ஹபில் சிறிதளவாக இருந்தாலும் உடனே மூடிக்கொள்ள வேண்டும், இல்லையேல் தொழுகை கூடாது. ஹனஃபி மத்ஹபில் ஓர் உறுப்பின் நாலில் ஒரு பங்கு, மூன்று தஸ்பீஹ் சொல்லும் நேரம் திறந்திருந்தால் தொழுகை முறிந்துவிடும். உடை இறுக்கமாக இருந்து, தோல் தெரியாமல் மூடியிருந்தால் தொழுகை செல்லும். ஆனால் உறுப்பின் வடிவம் தெரிய உடுத்துவது நல்லதல்ல என்பதே அறிஞர்களின் பேச்சு. மேலதிக விவரத்தை இமாம் அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆக, அந்தப் பெரியவரின் கவலை நியாயமானது. தொழுகையே கூடாமல் போகும் விஷயம் அது.

இனி, சட்டத்தை எப்படிச் சொல்வது என்பதற்கு வருவோம். புகாரீ ஷரீஃபில் அம்ர் பின் ஸலிமா (ரலி) அவர்கள் தம் சிறுவயதுச் சம்பவம் ஒன்றைச் சொல்கிறார்கள். அவர்களுடைய கூட்டத்தார் பயணிகள் கடந்துபோகும் ஒரு நீர்நிலைப் பக்கம் குடியிருந்தார்கள். போகிறவர் வருகிறவரிடமிருந்து காதில் விழுந்த குர்ஆன் வசனங்களை இந்தச் சிறுவர் மனனம் செய்துகொண்டார். மக்கா வெற்றிக்குப் பின் அந்தக் கூட்டத்தார் இஸ்லாத்தை ஏற்றபோது, அதிகம் குர்ஆன் தெரிந்தவர் தொழவைக்கட்டும் என்ற நபி (ஸல்) அவர்களின் கட்டளை வந்தது. தேடிப் பார்த்தால் இவரைவிட அதிகம் தெரிந்தவர் யாருமில்லை. வயதோ ஆறு அல்லது ஏழு. அவரிடம் இருந்தது ஒரே ஒரு போர்வை. ஸஜ்தா செய்யும்போது அது மேலே சுருங்கிப் பின்புறம் தெரிந்தது. அதைக் கண்ட ஒரு பெண்மணி, உங்கள் காரியின் பின்புறத்தை மூடக்கூடாதா என்று கேட்டார். உடனே அவர்கள் துணி வாங்கி அவருக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்தார்கள். அந்தச் சட்டைக்காக அடைந்த மகிழ்ச்சியைப் போல வேறெதற்கும் அடைந்ததில்லை என்று பிற்காலத்தில் அவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

சிறுவர் இமாமத் செய்யலாமா என்பதில் மத்ஹபுகளுக்கிடையே கருத்துவேறுபாடு உண்டு. அது இன்றைய பாடமல்ல. அந்தப் பெண்மணியின் பேச்சு யாரை நோக்கியது என்று பாருங்கள். சிறுவரிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை, பெரியவர்களைத்தான் கேட்டார். பெரியவர்களும் அந்தச் சிறுவரை ஸஃப்பிலிருந்து விலக்கவில்லை. அவருக்குச் சட்டை கிடைத்தது. நம் பள்ளியில் அன்று நடந்ததும் கிட்டத்தட்ட அதே காட்சிதான். என்ன, நம் பிள்ளைக்குச் சட்டை கிடைக்கவில்லை, திட்டு கிடைத்தது.

நம் காலத்தில் இப்படியெல்லாம் இல்லை என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். உண்மையில் எப்படி இருந்தது என்று கொஞ்சம் திரும்பிப் பார்ப்போம்.

நம் பாட்டனார் காலத்தில் கைலி. கடலூர்ப் பக்கம் குறிஞ்சிப்பாடியில் நெய்ததை வாங்கி, மூட்டி, அத்தாவும் மகனும் மாற்றி மாற்றிக் கட்டிக்கொள்ளலாம். ஒல்லிக்கும் பருமனுக்கும் ஒரே கைலி. ஃபிட் என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை. பழவேற்காட்டுத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய இந்தக் கட்டம்போட்ட துணியை மலேசியாவில் இன்றும் 'காயின் பெலிக்காட்' என்கிறார்கள். பெலிக்காட் என்பது பழவேற்காடுதான். இலங்கையில் சாரம். நம் புதுச்சேரிக்கும் இதில் பங்குண்டு. 'கினே' என்று பிரெஞ்சுக்காரர்கள் அழைத்த நீலச்சாயத் துணி 19ஆம் நூற்றாண்டில் இங்கிருந்து செனகலுக்குப் போனது. செனகல் ஆற்றங்கரையில் மூர் முஸ்லிம் வணிகர்கள் பிசினைக் கொடுத்து அதை வாங்கிப் போர்த்திக்கொண்டார்கள். துணிக்காகவே இங்கே ஆலைகள் எழுந்தன. நம் பெரியவர்கள் ரோடியர் மில் என்று சொல்லும் ஏ.எஃப்.டி. 2020 ஏப்ரலோடு மூடப்பட்டது. 1960களில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் இதே மதராஸ் கட்டத்துணியில் சட்டை தைத்து விடுமுறை உடையாகப் போட்டுத் திரிந்தார்கள். இங்கே அதைக் கட்டிக்கொண்டு பேருந்து ஏற நம் பிள்ளைகள் வெட்கப்படுகிறார்கள்.

தையல்காரர் அளவெடுத்த பேண்ட் வந்த பிறகுதான் சண்டையும் வந்தது. 1970களில் பெல்பாட்டம். தொடையில் பிடித்து, கீழே மணிபோல விரிந்து, பாதத்தை மூடித் தெருவைப் பெருக்கிக்கொண்டு போகும். கரண்டைக்குக் கீழே தொங்கவிடுவதைப் பற்றிய ஹதீஸ்களை அன்றைய ஆலிம்கள் ஒவ்வொரு பயானிலும் சொன்னார்கள். அன்று அதைப் போட்டவர்கள்தான் இன்று முதல் ஸஃப்பில் நிற்கிறார்கள். நான் கல்லூரியில் படித்த நாளில் பேகி பேண்ட், இடுப்பில் நாலு மடிப்பு. என் அத்தா அதைப் பார்த்து, இரண்டு பேர் நுழையலாம் போலிருக்கிறதே என்றார்கள். 1995இல் அகமதாபாத் அரவிந்த் மில் 'ரஃப் அண்ட் டஃப்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஜீன்ஸ் துணி, ஜிப், பட்டன், லேபிள் எல்லாம் ஒரே பொட்டலத்தில் இருக்கும், நம்மூர்த் தையல்காரரிடமே கொடுத்துத் தைத்துக்கொள்ளலாம். சிறிய ஊர்களுக்கு ஜீன்ஸ் பரவலாக வந்த வழிகளில் அதுவும் ஒன்று.

அதன் பிறகு வந்ததுதான் இறுக்கம். 1990களில் லண்டன் வடிவமைப்பாளர் அலெக்ஸாண்டர் மெக்குவீன் பேண்ட்டின் இடுப்பை மிகவும் கீழே இறக்கிக் காட்டினார். 2000க்குப் பின் பாரிஸில் டியோர் நிறுவனத்துக்காக ஹெடி ஸ்லிமேன் ஆண்களின் உடையை உடம்போடு ஒட்ட வைத்தார். 1958இல் டூபாண்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் கண்டுபிடித்த இழுபடும் நூல், லைக்ரா என்ற பெயரில் பிரபலமானது, ஜீன்ஸ் துணியிலும் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு சேர்ந்தது. பழைய முரட்டு ஜீன்ஸை அவ்வளவு இறுக்கினால் உட்காரவே முடியாது. லைக்ரா கலந்ததால் முடிந்தது. லண்டனிலும் பாரிஸிலும் யாரோ இரண்டு பேர் எடுத்த முடிவு, பதினைந்து இருபது ஆண்டுகளில் நம் ஸஃப்புக்கு வந்து சேர்ந்துவிட்டது. கடையில் தொங்கியதை வாங்கிய பிள்ளைக்கு இந்தக் கதையெதுவும் தெரியாது. பல வேளை கடையில் வேறு மாதிரியே இருக்காது.

இப்போது காற்று திரும்பிவிட்டது. தோள் இறங்கிய பெரிய டீ-சர்ட், தொளதொள பேண்ட், பக்கவாட்டில் பை வைத்த கார்கோ. பெரியவர்கள் இதையும் திட்டுகிறார்கள், யாருடைய சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டாய் என்று. எனக்கென்னவோ தொழுகைக்கு இது எவ்வளவோ மேல் என்று தோன்றுகிறது. சட்டை தொடை வரை வருகிறது, உடம்பு தெரிவதில்லை. நடுவில் வந்த கணுக்கால் வரை நிற்கும் பேண்ட்டும் அப்படித்தான். நம் பயான்களால் ஆகாததை ஃபேஷன் தானாகச் செய்துவிட்டுப் போனது.

வெளிநாட்டு மாதிரி என்பதற்காக ஓர் உடை தவறாகிவிடாது. தபூக் பயணத்தில் நபி (ஸல்) அவர்கள் ஷாம் தேசத்து ஜுப்பா அணிந்திருந்ததை முகீரா பின் ஷுஅபா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அதன் கை மிகக் குறுகலாக இருந்ததால் உளூவின்போது சுருட்டி ஏற்ற முடியாமல், கைகளை ஜுப்பாவின் அடிவழியாக வெளியே எடுத்துக் கழுவினார்கள். கரண்டைக்குக் கீழே இறங்குவதிலும் பெருமைதான் பெரிய விஷயம். தம் வேட்டி ஒரு பக்கம் சரிகிறதே என்று கவலைப்பட்ட அபூபக்ர் (ரலி) அவர்களிடம், நீங்கள் பெருமைக்காகச் செய்பவர் அல்லர் என்று நபியவர்கள் ஆறுதல் சொன்னார்கள். அதற்காகத் தொங்கவிடலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒருவரை எடைபோடும் முன் அவர் மனத்தில் என்ன இருக்கிறது என்று பெருமானார் பார்த்தார்கள், அதைத்தான் சொல்ல வருகிறேன்.

புதிய மோஸ்தரில் எனக்கு உறுத்துவது இரண்டு. ஒன்று, தொடையில் கிழித்துவிட்ட ஜீன்ஸ். அதில் தொழுகை கூடாது, வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. மற்றது முதுகு நிறையப் படமும் எழுத்தும் போட்ட டீ-சர்ட். பின்னால் நிற்பவர் கண் எங்கே போகும்? வேலைப்பாடு கொண்ட ஓர் ஆடையில் தொழுதபோது கவனம் சிதறியதாகச் சொல்லி, நபி (ஸல்) அவர்கள் அதை அபூ ஜஹ்ம் (ரலி) அவர்களிடமே திருப்பி அனுப்பிவிட்டு, வேலைப்பாடு இல்லாத அவருடைய ஆடையைக் கேட்டு வாங்கினார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள்.

தாய்மார்களுக்கு ஒரு யோசனை. பிள்ளைக்குப் பேண்ட் வாங்கும்போது நிற்கவைத்து மட்டும் பார்க்காதீர்கள். டிரயல் ரூமுக்குள் ஒரு முறை ருகூஃ, ஒரு முறை ஸஜ்தா செய்து பார்க்கச் சொல்லுங்கள். இடுப்புப் பட்டை தொப்புளை ஒட்டி நிற்கிறதா, சட்டை பின்னால் ஏறுகிறதா என்பது அதில் தெரிந்துவிடும். நமது செவ்வாய்ச் சந்தையிலும், புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையிலும் போட்டுப் பார்க்க வசதி கிடையாது. அங்கே, அளவு சரியாக இருக்கும் ஒரு பழைய பேண்ட்டைக் கையோடு எடுத்துப் போய், கவட்டுத் தையலிலிருந்து இடுப்புப் பட்டை வரை உள்ள உயரத்தை வைத்துப் பாருங்கள். நீளத்தைக் குறைக்கலாம், இடுப்பைப் பிடிக்கலாம். இந்த உயரம் குறைந்தால் எந்தத் தையல்காரராலும் கூட்ட முடியாது.

நம் டிரஸ்டின் தவறையும் சொல்ல வேண்டும். ரமளானில் பேண்ட் பிட், சட்டை பிட் கொடுத்துவந்தோம். தையல்கூலி துணி விலையைத் தாண்டுகிறது என்று குடும்பங்கள் சொன்னதால் ரெடிமேடுக்கு மாறினோம். வயதைக் கேட்டு மொத்தமாக ஒரே மாதிரியில் வாங்கினோம். பழைய மாதிரி, மலிவாகக் கிடைத்தது. கணவரை இழந்த ஒரு சகோதரி ஒரு நாள் அலுவலகத்துக்கு வந்து, "பாய், கோவிச்சுக்காதீங்க. போடமாட்டேங்கிறான். பார்த்தாலே இனாம் துணின்னு தெரியுதாம்" என்றார். துணி பீரோவிலேயே இருக்கிறதாம். பணம் மிச்சம் என்று நாங்கள் நினைத்திருந்தோம். எட்டாம் வகுப்புப் பிள்ளை பெருநாளன்று வீட்டைவிட்டு வெளியே வராமல் இருந்தது எங்கள் கணக்கில் எங்கும் எழுதப்படவில்லை.

எனவே இவ்வாண்டு முதல் துணிக்குப் பதில் கடைச்சீட்டு. பிள்ளையே தன் தாயோடு போய்த் தனக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். நிபந்தனை இரண்டுதான்: கிழிசல் கூடாது, ஸஜ்தாவில் முதுகு தெரியக் கூடாது. அளவு திருத்த வேண்டியதை நமது தையல் வகுப்புச் சகோதரிகள் ஞாயிறு காலை இலவசமாகத் திருத்தித் தருவார்கள். அவர்களுக்குரிய கூலியை டிரஸ்ட் கொடுத்துவிடும்.

அந்தக் கல்லூரிப் பிள்ளையின் வீட்டுக்கு நான் போனேன், மிகத் தாமதமாகத்தான். தேநீர் கொடுத்தான், படிப்பைப் பற்றிப் பேசினான், அன்று நடந்ததைப் பற்றி இருவருமே பேசவில்லை. பெருநாள் தொழுகைக்கு வந்திருந்தான், முழங்காலைத் தொடும் டீ-சர்ட்டில். ஜும்ஆவுக்கு இன்னும் வரவில்லை. திட்டிய பெரியவர், தம் செலவில் நீளமான கைலிகள் சில வாங்கிக் கொடுத்திருக்கிறார், தம் பெயரைச் சொல்ல வேண்டாம் என்ற நிபந்தனையோடு. அவை ஹவ்ளுக்குப் பக்கத்து அலமாரியில் இருக்கின்றன. தேவைப்படுபவர் யாரையும் கேட்காமல் எடுத்துப் பேண்ட்டுக்கு மேலேயே கட்டிக்கொள்ளலாம். ஜும்ஆவுக்கு முன் அவற்றைத் துவைத்து மடித்து வைக்க வாரம் ஒரு குடும்பம் வேண்டும். விரும்புவோர் அஸருக்குப் பின் அலுவலகத்தில் பெயர் கொடுக்கவும்.