அமிர்திக்குக் குழந்தைகளோடு போகிறீர்களா?

வேலூரிலிருந்து சுமார் 25 கி.மீ. தூரத்தில், ஜவ்வாது மலையடிவாரத்தில் இருக்கிறது அமிர்தி வன உயிரினப் பூங்கா. சின்னக் குழந்தைகளுக்கு ஏற்ற இடம்.

* வேலூர் வெயில் பொல்லாதது. காலையிலேயே கிளம்புங்கள். தொப்பியும் தண்ணீரும் கட்டாயம்.
* எலுமிச்சை சாதம், தயிர்சாதத்தை எவர்சில்வர் டப்பாவில் எடுத்துப்போங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம். மான் அதைத் தின்றால் உயிருக்கே ஆபத்து.
* விலங்குகளுக்குத் தீனி போடாமல், கூண்டைத் தட்டாமல் பார்க்கப் பழக்குங்கள்.
* குழந்தையின் சட்டைப்பையில் உங்கள் செல்போன் எண்ணை எழுதி வையுங்கள்.
* அங்குள்ள அருவியில் மழைக்குப் பிறகுதான் நீர் இருக்கும். பாறை வழுக்கும், பிள்ளையின் கையை விடாதீர்கள்.
* பூங்காவின் விடுமுறை நாளை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.