பேரிடர் தாங்கும் பள்ளிக்கூடம்: ஓர் ஆய்வு

முன்னுரை

ஓர் ஊரில் பள்ளிக்கூடம் எழுப்புதல் அறங்களுள் தலையாயது. அதற்கென ஊர்ப் பெரியவர்கள் நிலம் ஈகின்றனர். வணிகர்கள் பொருள் தருகின்றனர். ஆசிரியர்கள் உழைப்பை நல்குகின்றனர். எத்தனை வகுப்பறைகள், எவ்வளவு செலவு, எந்நாளில் திறப்பு விழா என்பன பற்றிப் பல கூட்டங்கள் நடைபெறுகின்றன. ஆயின் அக்கட்டடம் நெருப்பையும் சூறைக்காற்றையும் நில அதிர்ச்சியையும் தாங்குமா, ஆபத்து நேர்ந்தால் குழந்தைகள் எவ்வழியே வெளியேறுவர் என்னும் வினாக்கள் அக்கூட்டங்களில் அரிதாகவே எழுகின்றன.

நம் அய்யலூர் கடலோர ஊர் அன்று. கரை உடைக்கும் பேராறும் இங்கில்லை. ஒருபுறம் குன்றுகளும், ஒருபுறம் திருச்சி – திண்டுக்கல் நெடுஞ்சாலையும், வியாழக்கிழமை ஆட்டுச்சந்தையும் உள்ள வறண்ட நிலம் இது. “நமக்கு ஏது பேரிடர்?” என்று இங்குள்ளோர் கேட்பது இயல்பே. அக்கேள்வி சரிதானா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கும்பகோணம் கற்பித்த பாடம்

2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் கும்பகோணம் காசிராமன் தெருவில் இருந்த ஒரு பள்ளியில் தீப்பற்றியது. 94 பிஞ்சுக் குழந்தைகள் உயிரிழந்தனர். அன்று புயல் இல்லை, வெள்ளம் இல்லை, நிலமும் நடுங்கவில்லை. மதிய உணவு சமைக்கும் அடுப்பிலிருந்து கிளம்பிய தீ, கூரை வேய்ந்த சமையற்கூடத்தைப் பற்றி, மாடியில் கூரை வேய்ந்திருந்த வகுப்பிடத்திற்குத் தாவியது. எரியும் கீற்றும் மூங்கிலும் குழந்தைகள்மேல் வீழ்ந்தன. இறங்குவதற்கு இருந்த படிக்கட்டோ குறுகலானது. ஒரே வளாகத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகள் நெருங்கி இயங்கியதால் இடமும் போதவில்லை.

இந்நிகழ்ச்சியை ஊன்றி நோக்கின் ஓர் உண்மை புலப்படும். தீ தோன்றியது அடுப்பில். அது பேரிடராக மாறியது கட்டடத்தில். சமையற்கூடம் தனியே விலகி இருந்திருப்பின், கூரை எரியாப் பொருளால் அமைந்திருப்பின், அகன்ற இரண்டாவது படிக்கட்டு ஒன்று இருந்திருப்பின், அத்தீ ஒரு சிறு விபத்தாகவே முடிந்திருக்கக்கூடும்.

திருவள்ளுவர் குற்றங்கடிதல் அதிகாரத்தில், வருமுன் காவாதவனின் வாழ்க்கையை நெருப்பின்முன் வைத்த வைக்கோற்போருக்கு உவமிக்கின்றார். வகுப்பறையில் நாம் பலமுறை விளக்கிய உவமைதான் அது. கும்பகோணத்திற்குப் பின் அதனை உவமையாக மட்டும் நம்மால் படிக்க இயலவில்லை.

இதன்பின் தமிழகம் முழுவதும் பள்ளிகளின் கீற்றுக் கூரைகள் அரசாணையால் அகற்றப்பட்டன. 2009ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் உச்ச நீதிமன்றம், பாதுகாப்பான பள்ளியில் பயில்வதும் குழந்தையின் கல்வி உரிமையில் அடங்கும் எனத் தீர்ப்பளித்தது. பள்ளிகள் தேசியக் கட்டட விதித்தொகுப்பைப் பின்பற்றவேண்டும், தீயணைப்புக் கருவிகள் வைக்கவேண்டும், ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கவேண்டும் என்றும் பணித்தது.

‘தற்காலிகம்’ என்னும் சொல்

கீற்று போயிற்று, ஆயின் கீற்றைக் கொணர்ந்த மனப்பான்மை போயிற்றா? “இப்போதைக்குத் தற்காலிகமாகப் போட்டுக்கொள்வோம்” என்பதே அம்மனப்பான்மை. தற்காலிகக் கொட்டகை பத்தாண்டு நிற்கும். ஒரு மாடிக்கெனப் போட்ட அடித்தளத்தின்மேல் இரண்டாம் மாடி ஏறும். படிக்கட்டின் அடியில் விறகும் உடைந்த மேசைகளும் சேரும்.

பிறரைச் சொல்வானேன்? சில ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியில் ஒரு சிறு பள்ளியின் கட்டடக் குழுவில் நாமும் அமர்ந்திருந்தோம். வரைபடம் காட்டப்பட்டது. முகப்பு வளைவின் அழகையும் பெயர்ப்பலகையின் எழுத்தமைப்பையும் பற்றி அரைமணி நேரம் பேசினோம். மாடிக்கு ஒரே படிக்கட்டு. அதன் அடியிலேயே சமையல் அறை. அது நம் கண்ணில் படவில்லை. கூட்டம் முடியும் தறுவாயில் முதிய கொத்தனார் ஒருவர், “சார், அடுப்பில் தீப்பிடித்தால் மேலே இருக்கும் பிள்ளைகள் எப்படி இறங்கும்?” என்று கேட்டார். கும்பகோணத்தைப் பற்றி மேடையில் பேசிய நமக்கு அவ்வினா தோன்றாமற் போனதை எண்ணி வெட்கினோம். பின்னர் சமையல் அறை தனியே அமைந்தது. இரண்டாவது படிக்கட்டும் எழுந்தது. முகப்பு வளைவுக்குப் பணம் போதவில்லை. அது இல்லாததால் எவர்க்கும் குறையில்லை.

திட்டமிடலும் கட்டுமானமும்

பேரிடர் தாங்கும் பள்ளிக்குப் பெருஞ்செல்வம் தேவையில்லை, முன்யோசனையே தேவை. இன்றியமையாதனவற்றை ஈண்டுத் தொகுத்துக் காண்போம்.

முதலாவது இடத்தேர்வு. விலை மலிவு எனக் குளத்து உட்புறத்தையோ ஓடைக் கரையையோ தேர்தல் கூடாது. பல ஆண்டு வறண்டு கிடந்த ஓடையும் ஒரு கனமழையில் தன் பழைய வழியைத் தேடி வரும். களிமண் நிலமாயின் மண்ணாய்வு செய்தே அடித்தளத்தின் ஆழத்தை முடிவு செய்தல் வேண்டும். அருகில் தோட்டக் கிணறு இருப்பின் அதற்குக் கைப்பிடிச் சுவர் வேண்டும். நெடுஞ்சாலையை நோக்கி வாயில் வைத்தலும் தவறு.

இரண்டாவது கட்டட அமைப்பு. நீள்சதுர வடிவே நில அதிர்ச்சிக்கு நன்று. கதவு சன்னல்களின் மேல்மட்டத்தில் எல்லாச் சுவர்களையும் சுற்றிக் கம்பி கட்டிய கான்கிரீட் பட்டை ஒன்று ஓடவேண்டும். கயிறு கட்டிய விறகுக்கட்டுபோல் அது சுவர்களைப் பிணைத்து நிறுத்தும். தகரக் கூரையாயின் சட்டத்தோடு திருகாணியால் இறுக்கப்படல் வேண்டும்; கல்லை ஏற்றிவைத்தல் போதாது. 2018 நவம்பர் 16இல் வேதாரணியம் அருகே கரை கடந்த கஜா புயல், வலுக்குறைந்த நிலையிலும் திண்டுக்கல் மாவட்டத்தைக் கடந்து சென்றதை நாம் மறத்தலாகாது.

மூன்றாவது வெளியேறும் வழி. மாடி இருப்பின் படிக்கட்டு இரண்டு வேண்டும். ஒவ்வொன்றும் ஒன்றரை மீட்டருக்குக் குறையாத அகலம் உடையதாதல் வேண்டும். கதவுகள் வெளிப்புறமாகத் திறக்கவேண்டும். பள்ளி நேரத்தில் எவ்வாயிலும் பூட்டப்படலாகாது. வெளியேறியபின் கூடி நிற்பதற்குத் திறந்தவெளியும் தேவை. 2001 ஜனவரி 26இல் குஜராத் மாநிலம் அஞ்சார் நகரில் குடியரசு நாள் ஊர்வலம் சென்ற மாணவர்கள் 100க்கும் மேற்பட்டோர், குறுகிய தெருவில் இருபுறக் கட்டடங்களும் சரிந்து மாண்டனர். பள்ளிக்கு விளையாட்டிடம் ஆடம்பரமன்று என்பதை இது உணர்த்தும்.

நான்காவது பராமரிப்பு. 2021 டிசம்பர் 17இல் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மாணவர் மூவர் இறந்தனர். வகுப்பறையைப் பார்க்கும் கண் கழிப்பறையையும் சுற்றுச்சுவரையும் பார்க்கவேண்டும். மழைக்காலத்திற்கு முன்னர் ஆண்டுதோறும் ஒரு பொறியாளரை அழைத்துக் காட்டுதல் நலம்.

ஐந்தாவது வெப்பம். இதனைப் பேரிடராக நாம் எண்ணுவதில்லை. 2023ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் திறக்கவேண்டிய தமிழகப் பள்ளிகள் வெயிலின் கடுமையால் இருமுறை தள்ளிவைக்கப்பட்டன. நம் பகுதியில் தகரக் கூரையின்கீழ் அமரும் குழந்தைக்கு இது ஆண்டுதோறும் வரும் இடர். எதிரெதிர்ச் சன்னல்கள், தாழ்வாரம், வேப்பமர நிழல், குடிநீர் ஆகியன இதற்கு மருந்தாகும்.

கட்டடத்தினும் பெரிது பயிற்சி

2011 மார்ச் 11இல் ஜப்பானில் ஆழிப்பேரலை எழுந்தபோது, கமாய்ஷி நகரில் முன்பே பயிற்சி பெற்றிருந்த மாணவர்கள் சிறுவர்களின் கைகளைப் பற்றிக்கொண்டு மேட்டுநிலம் ஏறித் தப்பினர். அதே நாளில் இஷினோமாகி நகரின் ஒக்காவா தொடக்கப்பள்ளியில், எங்குச் செல்வது என்னும் தெளிவின்றி விளையாட்டிடத்தில் நெடுநேரம் காத்திருந்தமையால் 74 மாணவர்களும் 10 ஆசிரியர்களும் மாண்டனர். பள்ளியின் பின்னால் குன்று இருந்தது. உயர்ந்த இடம் அருகிருந்தும், செல்லவேண்டும் என்னும் முடிவு உரிய நேரத்தில் எடுக்கப்படவில்லை.

ஆகவே மாதம் ஒருமுறையேனும் மணியடித்து, வகுப்பு வகுப்பாக வெளியேறி, பெயர் அழைத்துச் சரிபார்க்கும் பயிற்சி நடைபெறவேண்டும். கால் ஊனமுற்ற மாணவனை யார் தூக்கி வருவது, மின்னிணைப்பை யார் துண்டிப்பது என்பனவெல்லாம் முன்கூட்டியே வகுக்கப்படல் வேண்டும். இப்பயிற்சிக்குச் செலவு ஏதுமில்லை.

முடிவுரை

பேரிடர் கடலிலிருந்து மட்டும் வருவதன்று. பூட்டிய கதவிலிருந்தும், குறுகிய படியிலிருந்தும், “தற்காலிகம்” என்ற சொல்லிலிருந்தும் வரும். இவ்வகையில் அய்யலூரும் கும்பகோணமும் ஒன்றே. காலையில் பிள்ளையைப் பள்ளி வாயிலில் விட்டுச் செல்லும் தாய் நம்மிடம் ஓர் அமானிதத்தை ஒப்படைத்துச் செல்கின்றாள். மாலையில் அதனைக் குறைவின்றித் திருப்பித் தருதலே பள்ளியின் முதற்கடன்; பாடம் கற்பித்தல் அதன் பின்னரே. இனிக் கட்டடக் குழுவில் அமரும் பெரியோர்களும், நாளை ஆசிரியர்களாகப் போகும் மாணவர்களும், வரைபடத்தைக் கையில் வாங்கியவுடன் அம்முதிய கொத்தனார் கேட்ட வினாவையே முதலிற் கேட்பார்களாக.