தொட்டி மீனும் நம் பொறுப்பும்

நம் இல்லங்கள் சிலவற்றில் கண்ணாடித் தொட்டிகளில் பொன்மீன்கள் உலவக் காண்கிறோம். பார்வைக்கு அழகுப் பொருளாகத் தோன்றினும், மீன் ஐம்பொறிகளும் மனமும் உடைய விலங்குகதி உயிர். தத்துவார்த்த சூத்திரம் அகிம்சை அணுவிரதத்திற்குக் கூறும் ஐந்து அதிசாரங்களுள் முதலாவது, உயிரைக் கட்டி அடைத்தல். இறுதியானது, உணவும் நீரும் மறுத்தல். ஆதலின் மீனை விலைக்கு வாங்கி வளர்ப்பதை நாம் பரிந்துரைப்பதில்லை. ஆயினும் சிறுவர்க்குப் பரிசாகவோ, முன்பு எண்ணாது வாங்கியதாகவோ வீட்டில் மீன் இருக்குமாயின், அதனைக் காத்தல் கடமையாகிறது. குளத்தில் விட்டுவிடுவது அருளுடைமை ஆகாது; அயல்நாட்டு மீனும் அதன் நோயும் அக்குளத்து உயிர்களுக்குக் கேடாகும்.

நீரை வடிகட்டிப் பருகும் மரபினர் நாம். அதனாலோ என்னவோ, தெளிந்த நீரெல்லாம் தூய நீர் என்று எண்ணிவிடுகிறோம். மீன் தன் செவுள்களின் வழியே அம்மோனியாவை இடையறாது வெளியிடுகிறது. தின்னாது எஞ்சிய இரை அழுகி அதனை மேலும் பெருக்குகிறது. இந்நஞ்சு கண்ணுக்குப் புலப்படாது, துணியிலும் தங்காது. வடிகட்டியின் பஞ்சிலும் கூழாங்கற்களிலும் குடியேறும் நுண்ணுயிர்களே அதனை நைட்ரைட்டாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதிய தொட்டியில் அவை நிலைபெற 4 முதல் 6 வாரங்கள் வரை ஆகும். வாங்கிய சில நாட்களிலேயே மீன்கள் மடிவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். இதனை அறியாதார், பஞ்சைக் குழாய்நீரில் வெளுக்கக் கழுவி, குளோரினால் அந்நுண்ணுயிர்களைக் கொன்று, மீனையும் இழக்கின்றனர். தொட்டியிலிருந்து முகந்த நீரிலேயே அதனை மெல்ல அலசினால் போதும்.

மீன் துடுப்புகளை ஒடுக்கிக்கொண்டு ஒரு மூலையில் கிடந்தாலோ, நீர்மேல் வந்து வாயைத் திறந்து திறந்து மூடினாலோ, மருந்துக்கடைக்கு ஓட வேண்டா. முதலில் நீரைச் சோதித்தல் வேண்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சிறிதும் இருத்தலாகாது. இருப்பின் உடனே கால்பங்கு நீரை மாற்றுக. நோயற்ற நாட்களிலும் வாரம் ஒருமுறை இவ்வளவு மாற்றுவது நன்று. ஊற்றும் நீர் குளோரின் நீங்கியதாகவும், தொட்டி நீரின் வெப்பத்தை ஒத்ததாகவும் இருத்தல் வேண்டும்.

இரையையும் ஒருநாள் நிறுத்துக. இஃது உணவு மறுத்தலாகிய அதிசாரம் அன்றோ எனச் சிலர் ஐயுறலாம். குளிர்குருதி உயிராகிய மீன் ஒருநாள் பசியால் நலிவதில்லை; நோயாளிக்கு லங்கணம் இடுவது போன்றதே இது. உண்மையில், அன்பின் மிகுதியால் அள்ளியிடும் இரையே மீன்களுக்குப் பெருங்கேடு.

உடலில் உப்புத் தூவியது போல் வெண்புள்ளிகள் தோன்றினால் அது ஒட்டுண்ணி நோய். தோலுக்குள் இருக்கும் ஒட்டுண்ணியை மருந்து தீண்டாது. அது முதிர்ந்து உதிர்ந்து, தொட்டியின் அடியில் பலவாகப் பெருகி, வேறு மீனைத் தேடி நீந்தும் பருவத்தில்தான் அழியும். பொன்மீன் தொட்டியாயின், 10 லிட்டருக்கு 20 முதல் 30 கிராம் வரை கல்லுப்பைத் தனியே கரைத்து, இரண்டு நாட்களில் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். செதிலற்ற கெளுத்தி வகைகளும் நீர்ச்செடிகளும் இவ்வளவு உப்பைத் தாங்கமாட்டா. புள்ளிகள் மறைந்ததும் நிறுத்திவிடாது, இரண்டு வாரமேனும் தொடர்தல் வேண்டும்.

ஒட்டுண்ணியும் உயிரன்றோ? ஆம். இல்லறத்தார்க்கு முழுதும் விலக்கப்பட்டது சங்கல்ப ஹிம்சை. ஓருயிரைக் காக்கும் முயற்சியில் நேர்வது அதனோடு ஒப்பதன்று. எனினும் அதற்கு வினையே இல்லை என்று நாம் சொல்லத் துணியோம். நாள்தோறும் அடிநீரைக் குழாயால் உறிஞ்சி எடுத்தால் ஒட்டுண்ணிகள் பெருகுவது குறையும். உப்பு வேண்டும் காலமும் சுருங்கும். புதிய மீனைச் சில வாரங்கள் தனித் தொட்டியில் வைத்திருந்தால் இந்நோய் வீட்டிற்குள் நுழைவதே அரிது.

மாற்றிய நீரைச் செடிகளுக்கு ஊற்றலாம். அதிலுள்ள நைட்ரேட் அவற்றிற்கு உரமாகும். உப்பிட்ட நீரை மட்டும் ஊற்றற்க.